இடிமுகனுக்குச் சுழி பார்த்த கதை

வக்கணம்பாளையத்தில் நான்கு நடுவர்கள் இருந்தார்கள். அந்த ஊரில் மொத்தமே நான்கு பேருக்குத்தான் வேறு வேலை இல்லை என்பதால், ஐந்தாவதாக யாரையும் போட முடியவில்லை. நான் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் புத்தி உண்டு. அதனாலோ என்னவோ, எங்களை இதுவரை யாரும் எதற்கும் நடுவராகக் கூப்பிட்டதில்லை. பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் பொறாமையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

நால்வரும் பத்தொன்பது வருடமாக மாட்டுச் சந்தையில் காளைகளுக்குப் பரிசு கொடுத்து வந்தவர்கள். வேலையை ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆறுச்சாமி மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணி வயது சொல்வார். செங்கோடன், முதுகிலும் நெற்றியிலும் மயிர் சுழன்றிருக்கும் இடங்களைத் தடவிப் பார்த்து, இது ராஜ சுழி, வீட்டுக்கு ஆகும், இது பாடைச் சுழி, ஆகாது என்று தீர்ப்புச் சொல்வார். அத்தியப்பன் ஒல்லியான மனிதர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மாட்டை நடத்திக் காட்டுவது அவர் பொறுப்பு. மாடு நடக்க மறுத்தால் அதன் சார்பில் அவரே நடந்து காட்டுவார். அப்படி இரண்டு தடவை மூன்றாம் பரிசும் வாங்கியிருக்கிறார்.

எல்லாம் முடிந்ததும் தலைவர் பொங்கியண்ணன் தோளில் கிடக்கும் துண்டை எடுப்பார். ஒவ்வொரு நடுவரின் கையையும் துண்டுக்குள் பிடித்து, எத்தனை விரல் கொடுக்கிறார்கள் என்று தொட்டுப் பார்த்து மதிப்பெண் வாங்கிக்கொள்வார். மாட்டுத் தரகர்கள் பேரம் பேசுகிற முறை அது. வெளியே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சில வருடம் பொங்கியண்ணனுக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

இப்பேர்ப்பட்ட குழுவிடம் தமயந்தி வந்து சேர்ந்ததில் யாருடைய குற்றமும் இல்லை. டவுனில் நடக்கும் பொம்மைக் கண்காட்சியில் பொருள் வைக்க வேண்டுமானால் அருகில் உள்ள நடுவர் குழுவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று விதி. அருகில் உள்ள நடுவர் குழு இதுதான். எதற்கு நடுவர் என்று விதியில் கேட்கவில்லை. விதிக்கு அதெல்லாம் எதற்கு.

தமயந்தி பிளாஸ்டிக் வார்க்கிற ஒரு சின்ன அச்சுப் பட்டறை வைத்திருந்தவள். மூன்று வருடம் வரைந்து, அறுத்து, உருக்கி, உடைத்து, மறுபடி உருக்கி ஒரு பொம்மை செய்திருந்தாள். ஒரு அடி உயர ரோபோ. பெயர் இடிமுகன். இருபத்தாறு மூட்டு. மடக்க வேண்டியதை மடக்கினால் மண் அள்ளும் லாரியாகிவிடும். பெரிய கடைக்காரர்கள் பொம்மை எடுப்பது அந்தக் கண்காட்சியில்தான், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை. இந்த வருடமும் தவறிவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, பழையபடி வேறு யாரிடமாவது பிளாஸ்டிக் குடத்துக்கு மூடி வார்க்கப் போக வேண்டியதுதான். அவள் வந்த அன்றே மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சி ஜீப் வந்து சான்றிதழையும் தேர்வான பொருளையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு பொம்மை.

காலை பதினோரு மணிக்குச் சந்தைத் திடலில் வேப்பமரத்தடி மேசையில் இடிமுகனை நிறுத்தினாள். சிவப்பும் கறுப்புமாக, மார்பில் இரண்டு விளக்கோடு, நல்ல கம்பீரமாகத்தான் நின்றது. நால்வரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கட்டுத்தறி எங்கீங்க அம்மிணி?" என்று பொங்கியண்ணன் கேட்டார்.

"இது எங்கயும் ஓடாதுங்க."

"அப்ப சோம்பேறி மாடு" என்று குறித்துக்கொண்டார்.

ஆறுச்சாமி கையைக் கழுவிவிட்டு வந்து பொம்மையின் தாடையைப் பிடித்தார். இடிமுகனுக்கு வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளிக் கவசம். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு ஊரே சொல்லும். இத்தனை வயசுக்கு இன்னிக்கித்தான் ஒண்ணைக் கண்ணுல பாக்கறேன்."

"வயசு என்னனு எழுதறது?" என்றார் பொங்கியண்ணன்.

"பல்லு முளைக்கல. அப்ப கன்னுக்குட்டின்னு எழுதுங்க."

"இத்தனை பெரிய நெஞ்சை வெச்சுக்கிட்டு கன்னுக்குட்டியா?"

"பல்லு எல்லாம் கொட்டிப்போன கிழமாவும் இருக்கலாமுங்க. ரெண்டையும் எழுதிப்போடுங்க. எது சரியோ அதை அவிய எடுத்துக்கட்டும்."

எழுதிப்போட்டார்கள். தமயந்தி சரி என்று தலையாட்டினாள். சான்றிதழ் வேண்டியவள் அவள்.

அடுத்து செங்கோடன். பொம்மையைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவினார். அங்கே திருகாணிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்தார். பதினொன்று எண்ணினார். பிடரியில் ஒன்று, அது கோபுரச் சுழி, நல்லது என்றார். இடுப்பில் ஒன்று, பரவாயில்லை என்றார். முதுகின் நடுவில் இரண்டு திருகாணி பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"பாடைச் சுழி" என்றார்.

நடுவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அத்தியப்பன் இரண்டடி.

"ஏனுங்க, அது திருகாணிங்க. கழண்டு போகாம இருக்கறதுக்கு நாந்தான் போட்டேன்" என்றாள் தமயந்தி.

"உங்கைய்யாலயே போட்டீங்களா?" செங்கோடன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "படிச்ச புள்ளை. பொறந்த வீட்டுல யாரும் சொல்லிக் குடுக்கலையா? ஒரு திருப்புளி குடுங்க. அந்த ரெண்டையும் எடுத்துப்போடறேன். தோசம் போயிரும்."

தோசத்தோடு சேர்ந்து பொம்மையின் இரண்டு கையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சமயோசிதக்காரி.

"இதைப் படுக்கப்போட்டு லாரியா மாத்திட்டா முதுகு அடியில போயிருமுங்க. அடிவயித்துல இருக்கற சுழிக்கும் தோசம் உண்டுங்களா?"

நால்வரும் தனியே போய்ப் பேசினார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். அடிவயிற்றுச் சுழி மாட்டுக்குத் தெரியாது, மாட்டுக்கே தெரியாதது வாங்குகிறவனை ஒன்றும் செய்யாது என்று முடிவாயிற்று. தமயந்திக்கு மூச்சு வந்தது.

பிறகு பொங்கியண்ணன் கண்காட்சிக்காரர்கள் அனுப்பிய தாளை எடுத்து முதல் விதியைப் படித்தார். "பொம்மையின் வடிவமைப்பை எல்லாக் கோணங்களிலிருந்தும் பார்க்கவும்."

மொத்தம் எத்தனை கோணம் என்று தமயந்தியைக் கேட்டார்கள். தெரியாத்தனமாக முந்நூற்று அறுபது என்று சொல்லிவிட்டாள். நான்கு பேர், ஆளுக்குத் தொண்ணூறு. மேசையைச் சுற்றி ஒவ்வொரு அடியாக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று, "பாத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் ஆறுச்சாமிக்குத் தும்மல் வந்து கண்ணை மூடிவிட்டதால் அந்தக் கோணம் பார்த்ததா பார்க்காததா என்ற சந்தேகம் எழுந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மேலேயிருந்து பார்க்கச் செங்கோடன் வேப்பமரத்தில் ஏறினார். கீழேயிருந்து பார்க்க ஒரு குழி வெட்டி அத்தியப்பனை உள்ளே படுக்கவைத்து, குழியின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் பொம்மையை வைத்தார்கள்.

"என்ன தெரியுது அத்தியப்பா?" என்றார் பொங்கியண்ணன்.

"பலகை தெரியுதுங்க."

"வடிவமைப்பு எப்படி?"

"உறுதியா இருக்குதுங்க. தேக்குமரமாட்ட இருக்குது."

பலகைக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணைத்தான் பொம்மையின் பாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மணி இரண்டே முக்கால்.

இரண்டாவது விதி, மூட்டுகளை அசைத்து, பொம்மை எத்தனை நிலைகளில் நிற்கிறது என்று மதிப்பிடச் சொன்னது. தமயந்தி உயிரைக் கொடுத்து உழைத்தது இதற்குத்தான். கணுக்கால் மட்டும் எட்டு மாதம். ஒற்றைக்காலில் நிறுத்தினாலும் சாயாது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தூக்கிய இடத்தில் நிற்கும். அவள் முகத்தில் காலையிலிருந்து அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. இடிமுகனை ஒரு முழங்காலில் மண்டியிட வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி வைத்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"மண்டி போடுது. கால்ல வலு இல்லை. அஞ்சு மார்க்கு குறைச்சுக்கோங்க" என்றார் ஆறுச்சாமி.

கையை முன்னால் நீட்டி நிறுத்தினாள். முட்டுகிற மாடு என்றார்கள். ஒற்றைக்காலில் நிறுத்தினாள். மூன்று காலில் நொண்டுகிற மாட்டையே வாங்க ஆள் இல்லை, இது ஒரு கால்தான் ஊன்றுகிறது என்றார்கள். இடுப்பை முழுச்சுற்றுத் திருப்பிக் காட்டினாள். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிப்பட்ட மாட்டை ஏரில் பூட்டினால் உழுகிறவன் எந்தப் பக்கம் போவது என்று பொங்கியண்ணன் நியாயமாகவே கேட்டார். பதினான்கு நிலை காட்டினாள். பதினான்குக்கும் குறைத்தார்கள். கடைசியில் வெறுத்துப்போய், பெட்டியிலிருந்து எடுத்தபடி கையைத் தொங்கவிட்டு நேராக நிறுத்தினாள்.

"இதல்லொ நிலை" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். "இத்தனை நேரம் எதுக்கு அம்மிணி அதைப் போட்டுப் படுத்தினீங்க?"

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். மணி நாலு.

மூன்றாவது விதி, செய்முறைத் தாளில் உள்ளபடி உருமாற்றம் செய்து பார்க்க வேண்டும். தமயந்தி தன் செய்முறைத் தாளைப் பொங்கியண்ணன் கையில் கொடுத்த நேரம் பார்த்து ஜீப்காரர் போனில் கூப்பிட்டார். வழி கேட்கிறார், குரல் விட்டு விட்டு வருகிறது. ஏரிக்கரைக்குப் போனால்தான் அந்த ஊரில் போன் எடுக்கும்.

"பத்து நிமிசத்துல வந்தர்றேனுங்க. அதுவரைக்கும் பொம்மையை மட்டும் யாரும் தொட்டுப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தொடவில்லை. அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். வக்கணம்பாளையத்துக்காரர்கள் சொன்ன சொல்லை மீறுகிறவர்கள் இல்லை.

"தொடக்கூடாதுங்குது. தாளுல இருக்கறபடி பண்ணிப் பாக்கோணும்னும் விதியில இருக்குது" என்று பொங்கியண்ணன் யோசித்தார். "தொடாம எப்படி மடக்கறது?"

"தாளுல என்னனுங்க போட்டிருக்குது?" என்றார் செங்கோடன்.

"'கைகள் இரண்டையும் முதுகுப் பக்கம் கொண்டு போகவும்'னு இருக்குது."

"யாரு கைனு போட்டிருக்குதா?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யார் கை என்று எங்கேயும் போடவில்லை. மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி அத்தியப்பனைப் பார்த்தார்கள். மாடு நடக்காதபோது நடந்து காட்டிய மனிதர் அவர். அவர் அதற்குள் கைகள் இரண்டையும் முதுகுப் பக்கம் கொண்டு போயிருந்தார்.

"தலையை மார்புக்குள் தள்ளவும்" என்று பொங்கியண்ணன் படித்தார். தள்ளினார்கள். "இடுப்பை முன்புறமாக மடக்கவும்." மடக்கினார்கள். "வலது காலைத் தோளுக்கு மேலும், இடது காலை வயிற்றுக்கு அடியிலும் கொண்டு வரவும்." இதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. ஆறுச்சாமி பிடித்துக்கொள்ள, செங்கோடன் இழுத்தார். அத்தியப்பன் ஒத்துழைத்தார். பத்தொன்பது வருடத்தில் எந்த மாடும் அப்படி ஒத்துழைத்ததில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

"'சொடுக்' என்ற சத்தம் கேட்கும் வரை அழுத்தவும்."

அழுத்தினார்கள். சத்தம் வரவில்லை. இரண்டு பேராக ஏறி உட்கார்ந்து அழுத்தினார்கள். அத்தியப்பனின் இடுப்புப் பக்கமிருந்து 'சொடுக்' என்று துல்லியமாக ஒரு சத்தம் கேட்டது.

"லாரி தயார்" என்று பொங்கியண்ணன் கடைசி வரியைப் படித்தார்.

ஏரிக்கரையிலிருந்து திரும்பிய தமயந்தி முதலில் மேசையைப் பார்த்தாள். இடிமுகன் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. ஆறுதலாக மூச்சு விட்டாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஐயோ, என்னங்க இது?"

"நானுங்க, அத்தியப்பன்" என்று முழங்காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"எந்திரிங்க."

"வரமாட்டேங்குதுங்க அம்மிணி."

பழைய வடிவத்துக்குக் கொண்டுவர இதையே தலைகீழாகச் செய்யவும் என்று தாளின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. ஆகவே அத்தியப்பனைத் தலைகீழாக நிறுத்தினார்கள். தலைகீழாக நின்ற லாரி ஆனார். அவ்வளவுதான் வித்தியாசம். தமயந்தி ஒரு காலைப் பிடித்து நீவிப் பார்த்தாள். அது எவருடைய கால் என்று சந்தேகப்படும் அளவுக்கு வேறு எங்கோ இருந்தது.

மணி நாலே முக்கால். நாலாவது விதி மிச்சம் இருந்தது. நடுவர்கள் நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும்.

"அத்தியப்பன் கை எங்க இருக்குது?" என்றார் பொங்கியண்ணன்.

தேடினார்கள். ஒரு கை அகப்பட்டது, அதன் மேல் அவரே படுத்திருந்தார். அது மட்டுமில்லை, லாரி போடுகிற கையெழுத்துச் செல்லுமா என்று ஆறுச்சாமி கேட்டார். செல்லாது என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அத்தியப்பனுக்கும் இல்லை.

"அப்ப மூணு நடுவர்தான். சான்றிதழ் குடுக்க முடியாது அம்மிணி. விதி."

மூன்று வருடம், எட்டு மாதக் கணுக்கால், எல்லாம் ஒரு கையெழுத்தில் நின்றது. "வேற யாரையாவது நாலாவது ஆளாப் போடுங்க" என்று கெஞ்சினாள். "காலையிலிருந்து இங்கயே இருந்தவிய யாராச்சும் இல்லீங்களா?"

"இருந்தவிய யாரு?" என்று பொங்கியண்ணன் சுற்றிலும் பார்த்தார். "காலையிலிருந்து இங்கயே நின்னு, எல்லாத்தையும் பாத்து, யாரு பக்கமும் பேசாம, நடுவுல ஒரு டீக்குக்கூடப் போகாத ஆளுன்னு பாத்தா..."

எல்லோரும் இடிமுகனைப் பார்த்தார்கள்.

தமயந்தியும் பார்த்தாள். பகல் முழுக்க அந்த மனிதர்களோடு இருந்தவள் அல்லவா, அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. இடிமுகனின் கையில் கோடாரி மாட்டுவதற்கு ஒரு துளை வைத்திருந்தாள். அதில் பேனாவைச் செருகினாள். பொருந்திற்று. மணிக்கட்டை மெல்லத் திருப்பி, முழங்கையை மடக்கி, தோளை ஒரு சுற்றுச் சுற்றி, சான்றிதழில் 'இடிமுகன்' என்று எழுத வைத்தாள். இருபத்தாறு மூட்டும் சொன்ன பேச்சுக் கேட்டன. மற்ற மூன்று பேர் கையெழுத்தும் கோழி கிளறியது போல் இருந்தது, ஆகவே அந்தத் தாளில் படிக்க முடிந்த கையெழுத்து அது ஒன்றுதான்.

பொங்கியண்ணன் துண்டை எடுத்தார். ஆறுச்சாமியின் கையையும் செங்கோடனின் கையையும் பிடித்தார். பிறகு இடிமுகனின் கையைத் துண்டுக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். அது விரல் மூடிய கை.

"அஞ்சு விரலையும் சேத்துக் குடுத்துட்டாரு" என்றார் வியப்போடு. "முழு மார்க்கு. போட்டியாளருக்குக் கெட்டி அதிர்ஷ்டம்."

"ரொம்ப சந்தோசமுங்க" என்று தமயந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "பொம்மையைப் பெட்டியில வெச்சுக் குடுத்தர்றேன்."

"எந்தப் பொம்மை?"

"இடிமுகன்தானுங்க."

"அவரு நடுவரல்லொ அம்மிணி" என்று பொங்கியண்ணன் பரிவோடு சொன்னார். "நடுவரா இருக்கறவரு போட்டியில கலந்துக்கப்படாது. அது ஊர்ப்பட்ட எடத்துல இருக்கற நியாயம். இப்பப் போட்டியில இருக்கறது அத்தியப்பன் ஒருத்தர்தான்."

ஜீப் வந்தது. தேர்வான பொருளை ஏற்றினார்கள். மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது. அத்தியப்பனுக்காக வெட்டிய குழியின் ஓரத்தில் தமயந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக, பலகையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார் செங்கோடன்.

கண்காட்சியில் பதினான்காவது கடையில் அத்தியப்பனை வைத்தார்கள். 'உருமாறும் லாரி, ஆள் உயரம்' என்று அட்டை. பெரிய கடைக்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். மடங்கும் தன்மை அபாரம், ஆனால் வடிவமைப்புச் சுமார், முழங்கால் ரொம்பத் துருத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை, வண்ணப்பூச்சும் மட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு நாட்டு வைத்தியர் வேடிக்கை பார்க்க வந்தவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தியப்பன் 'சொடுக்' என்று எழுந்து நின்று, எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். கூட்டம் கை தட்டியது.

சான்றிதழில் நடுவர் என்று பெயர் இருந்ததால் இடிமுகனுக்கும் அழைப்பு வந்திருந்தது. மேடையில் தனி நாற்காலி, கழுத்தில் மாலை, எதிரே தண்ணீர் பாட்டில். மூன்று நாளும் தமயந்தி பக்கத்தில் நின்றாள். மற்ற நடுவர்கள் தூங்கி விழுந்தார்கள், காப்பிக்கு எழுந்து போனார்கள், தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இடிமுகன் ஒன்றும் செய்யவில்லை. இப்படி ஒரு நடுவரைக் கண்டதில்லை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. கடைக்காரர் ஒருவரும் பொம்மை கேட்கவில்லை. ஆனால் பத்தே நாளில் நாற்பது மாட்டுச் சந்தையிலிருந்து இடிமுகனைப் போலவே நடுவர் கேட்டு எழுதினார்கள். பட்டறையில் இப்போது பகல் முழுக்க மிஷின் ஓடுகிறது.

எங்கள் ஊர்ச் சந்தைக்கும் நான்கு நடுவர் சொல்லியிருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்களைப்போல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிற ஆட்கள் நாங்கள் இல்லை. முகக் கவசத்தை எடுத்துவிட்டு வாய் வைத்து, உள்ளே முப்பத்திரண்டு பல்லும் வைத்துத் தரச் சொல்லிவிட்டோம். எதற்கு என்று தமயந்தி போனில் கேட்டாள். வயது தெரியாத ஆளை நடுவராக உட்கார வைக்க நாங்கள் என்ன வக்கணம்பாளையத்துக்காரர்களா?